ஆக்சலாட்டில் வளர்க்க ஆசையா? முதல்ல தண்ணீரை வளர்க்கக் கத்துக்கோங்க!

"அக்கா, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா மூணு நாளா இது எதுவுமே சாப்பிடல. முகம் மட்டும் சிரிச்சுட்டேதான் இருக்கு."

ஏப்ரல் மாத ராத்திரி ஒண்ணுல என் சித்தி பொண்ணு அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ் இது. கூடவே ஒரு வீடியோ. வெள்ளை கலந்த இளஞ்சிவப்பு நிறத்தில் ஓர் ஆக்சலாட்டில், தொட்டியின் மூலையில் அசையாமல் கிடக்குது. தலைக்குப் பின்னால் விரிஞ்சு நிற்க வேண்டிய செவுள்கள் முன்பக்கமா மடங்கியிருக்கு. வால் நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. தண்ணீர்? உண்மையிலேயே கண்ணாடி மாதிரிதான் இருந்துச்சு.

அவ ஐ.டி-யில் வேலை பார்க்கிறா. வேளச்சேரியில் வாடகை வீடு. முதல் போனஸில் வாங்கின ஆசைப் பிராணி அது. ஏன் இதைப் போய் வாங்கினன்னு கேட்டேன். "நீதானே வீடியோ போட்ட?" என்றாள்.

ஆமா, நான்தான் போட்டேன். எங்க டிஜிட்டல் டெஸ்க்குக்காக 40 விநாடி வீடியோ. 'காலை வெட்டினாலும் திரும்ப வளரும்', 'மைன்கிராஃப்ட் கேமின் செல்லப்பிள்ளை', 'எப்போதும் சிரிக்கும் முகம்'. எல்லாமே சரியான தகவல்கள்தான். ஆனா அந்த ஸ்கிரிப்ட்டில் 'தண்ணீர்' என்ற சொல் ஓர் இடத்தில்கூட வரல. ஒன்பது நாள் கழிச்சு அந்த ஆக்சலாட்டில் செத்துப்போச்சு.

அந்த 40 விநாடியில் நான் சொல்லாம விட்டதைத்தான் இப்போ எழுதுறேன். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன்: ஆக்சலாட்டில் வளர்ப்பு என்பது நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர் வளர்ப்பு. அந்தத் தண்ணீரை நம்மால் தர முடியாதுன்னா, அதை வாங்காம இருக்கிறதுதான் அதுமேல காட்டுற உண்மையான அன்பு.

பெயரிலேயே தண்ணீர்

ஆக்சலாட்டில் மீன் இல்லை. அது ஒரு சாலமாண்டர், அதாவது தவளைக்குத் தூரத்துச் சொந்தமான இருவாழ்வி. மற்ற சாலமாண்டர்கள் பெரும்பாலும் குஞ்சுப் பருவத்தைத் தண்ணீரில் கழிச்சுட்டு, வளர்ந்ததும் செவுள்களை இழந்து தரைக்கு வரும். இது மட்டும் வாழ்நாள் முழுக்க குஞ்சுப் பருவ உடலோடவே, செவுள்களை வெளியே வச்சுக்கிட்டு, தண்ணீருக்குள்ளேயே இருந்துடும். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்டிலில் இருந்து வந்தது இதன் பெயர். அந்தப் பெயரின் முதல் பகுதிக்கே 'தண்ணீர்' என்றுதான் பொருள்.

இதன் சொந்த ஊர் மெக்சிகோ சிட்டியின் தெற்கே இருக்கும் சோச்சிமில்கோ. கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். நம்ம ஊட்டி உயரம்னு வச்சுக்கோங்க. ஊற்று நீர் நிரம்பிய, குளிர்ச்சியான, வேகமா ஓடாத ஏரி, கால்வாய்த் தண்ணீரில் பரிணமிச்ச உயிர் இது.

இதன் தோல் நம்ம தோல் மாதிரி ஒரு தடுப்புச் சுவர் இல்லை. செவுள் வழியா சுவாசிக்கும், தோல் வழியாவும் சுவாசிக்கும், அப்பப்போ மேலே வந்து ஒரு வாய் காற்றையும் விழுங்கும். அதனால் தண்ணீரில் என்ன கலந்திருந்தாலும் அது நேரா உடம்புக்குள் போகும். நமக்குக் காற்று எப்படியோ, இதுக்குத் தண்ணீர் அப்படி. வித்தியாசம் ஒண்ணுதான்: இது சுவாசிக்கிற அதே தண்ணீரில்தான் கழிவையும் விடுது.

கண்ணாடி மாதிரி இருந்தா சுத்தமா?

இங்கேதான் பெரும்பாலானவங்க ஏமாறுறாங்க. என் தங்கச்சியும் ஏமாந்தா.

ஆக்சலாட்டில் வெளியேற்றும் கழிவில் முக்கியமானது அம்மோனியா. சாப்பிடாம மிச்சம் வைக்கும் மண்புழுத் துண்டு அழுகினாலும் அம்மோனியாதான். அதுக்கு நிறம் கிடையாது. செவுளை அரிக்கிற அளவுக்கு அது கலந்திருக்கும்போதும் தண்ணீர் பளிச்சுனுதான் இருக்கும். நம்ம மூக்குக்கும் தெரியாது.

இயற்கையில் இதைச் சமாளிக்க ஒரு ஏற்பாடு இருக்கு. ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டா மாத்தும். நைட்ரைட்டும் விஷம்தான், ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கிற திறனைக் கெடுக்கும். இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் குறைந்த அளவில் பெரிய ஆபத்து இல்லை. அதை வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை மாத்தி வெளியேத்திடலாம். இதுதான் நைட்ரஜன் சுழற்சி. மீன் வளர்க்கிறவங்க பேச்சில் 'டேங்க் சைக்கிள் ஆகிடுச்சா?'ன்னு கேட்பாங்களே, அது இதைத்தான்.

இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதக்கிறது குறைவு. ஃபில்டர் ஸ்பாஞ்ச், மணல், கல், கண்ணாடிச் சுவர்னு பரப்புகளில் ஒட்டி வாழும். புதுத் தொட்டியில் அதெல்லாம் இருக்காது. அவை போதுமான அளவு பெருக 4 முதல் 8 வாரம் ஆகும். அதாவது, தொட்டியையும் ஆக்சலாட்டிலையும் ஒரே நாளில் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தா, கழிப்பறை கட்டாத வீட்டில் அதைக் குடிவைக்கிறோம்னு அர்த்தம்.

என் தங்கச்சி என்ன பண்ணினா தெரியுமா? ரெண்டு நாளுக்கு ஒரு தடவை தண்ணீரை முழுசா மாத்தினா. ஃபில்டர் ஸ்பாஞ்ச்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிஞ்சு, அழுக்கே இல்லாத அளவுக்குக் கழுவினா. கேன் வாட்டரைத்தான் ஊத்தினா. ஒரு நாள்கூட சோம்பல்படல. ஆனா ஒவ்வொரு தடவை கழுவும்போதும் அந்த நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கழுவி விட்டிருக்கா. நான் டெஸ்ட் கிட் கடன் வாங்கிட்டுப் போய்ப் பார்த்தப்போ, மஞ்சளா இருக்க வேண்டிய அம்மோனியா குழாய் பச்சையா மாறிச்சு. கண்ணாடி மாதிரி இருந்த அதே தண்ணீர்தான்.

விலங்கு வருவதற்கு முன்னால் சைக்கிள்

சரி, எப்படி ஆரம்பிக்கணும்? ஆக்சலாட்டில் இல்லாமலே ஆரம்பிக்கணும்.

தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியாவைச் சேர்க்கணும். தண்ணீரில் அது சுமார் 2 பி.பி.எம் அளவுக்கு வரணும். பி.பி.எம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதுதான் பாக்டீரியாவுக்கு உணவு. சில நாட்களுக்கு ஒருமுறை டெஸ்ட் பண்ணிட்டே வரணும். முதல்ல அம்மோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும். அப்புறம் நைட்ரைட் இறங்கும், நைட்ரேட் தெரிய ஆரம்பிக்கும். 2 பி.பி.எம் அம்மோனியாவைச் சேர்த்த 24 மணி நேரத்துக்குள் அம்மோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டுமே பூஜ்யத்துக்கு வந்துட்டா தொட்டி தயார். சேர்ந்திருக்கிற நைட்ரேட்டை ஒரு பெரிய தண்ணீர் மாற்றத்தில் குறைச்சுட்டு, அப்புறம்தான் விலங்கைக் கொண்டு வரணும்.

ஏற்கெனவே நோயில்லாம நல்லா ஓடிட்டு இருக்கும் நண்பரோட டேங்க்கில் இருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் கிடைச்சா இந்த வேலை வேகமா முடியும். இந்த ஒரு கட்டத்தில் மட்டும் நம்ம ஊர் வெயில் உதவி. இளஞ்சூட்டில் அந்த பாக்டீரியா சீக்கிரம் பெருகும். விலங்கு வரும் முன் தண்ணீரைக் குளிர வச்சாப் போதும்.

நினைவில் வச்சுக்க வேண்டிய எண்கள்

இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

- வெப்பநிலை: 16 முதல் 18 டிகிரி செல்சியஸ். 20 வரை தாங்கும். 22-ஐத் தாண்டி நீடிச்சா உடம்பு நலிய ஆரம்பிக்கும்.
- அம்மோனியா: 0
- நைட்ரைட்: 0
- நைட்ரேட்: 20 பி.பி.எம்-க்குள். 40-ஐத் தொட விடக்கூடாது.
- பி.எச்: 7.4-க்கும் 7.6-க்கும் இடையில் இருந்தா அருமை. 6.5-இல் இருந்து 8 வரை சமாளிக்கும். ஆனா திடீர்னு ஏறி இறங்கக்கூடாது.
- தொட்டி: ஒரு ஆக்சலாட்டிலுக்குக் குறைஞ்சது 75 லிட்டர். 150 லிட்டர்னா நிம்மதி. தண்ணீர் அதிகம் இருந்தா கழிவும் நீர்த்துப்போகும், வெப்பமும் சட்டுனு மாறாது.

அளக்க, காகிதப் பட்டையைவிட சொட்டு மருந்து மாதிரி வரும் திரவ டெஸ்ட் கிட் நம்பகமானது. விலை கூடத்தான். ஆனா என்னைக் கேட்டா, தொட்டிக்கு அலங்காரக் கோட்டை வாங்கும் முன் வாங்க வேண்டியது இதைத்தான். தெர்மாமீட்டரும் டெஸ்ட் கிட்டும் இல்லாம ஆக்சலாட்டில் வளர்க்கிறது, ஸ்பீடாமீட்டரும் பெட்ரோல் முள்ளும் இல்லாத வண்டியில் திருச்சிக்குக் கிளம்புற மாதிரி.

மே மாசத்துத் தண்ணீர்

இப்போ தமிழ்நாட்டில் இருக்கிறவங்களுக்கான பெரிய சிக்கலுக்கு வருவோம். 18 டிகிரி.

மே மாசம் மதியம் மொட்டை மாடி டேங்க் தண்ணீரில் கை கழுவிப் பாருங்க. கை சுடும். வீட்டுக்குள்ள இருக்கிற தொட்டித் தண்ணீரே 30 டிகிரிக்குச் சாதாரணமா போகும். ஆக்சலாட்டிலுக்கு அது நாள் முழுக்க அடிக்கிற காய்ச்சல் மாதிரி.

சூடு மட்டும்தான் பிரச்சினைன்னா பரவாயில்லை. சூடு மற்ற எல்லாப் பிரச்சினையையும் பெருக்கும். தண்ணீரில் அம்மோனியா ரெண்டு வடிவத்தில் இருக்கும். ஒண்ணு அவ்வளவு ஆபத்தில்லாத அம்மோனியம், இன்னொண்ணு விஷமான தனி அம்மோனியா. பி.எச் 8 இருக்கும் தண்ணீரில், 18 டிகிரியில் மொத்தத்தில் சுமார் 3 சதவீதம்தான் விஷ வடிவம். அதே தண்ணீர் 30 டிகிரிக்குப் போனா அது 7 சதவீதத்தைத் தாண்டிடும். டெஸ்ட் கிட் காட்டும் எண் மாறாது, விஷம் மட்டும் ரெண்டு மடங்கு.

ஆக்சிஜனும் அப்படித்தான். 18 டிகிரி தண்ணீரில் ஒரு லிட்டருக்கு அதிகபட்சமா சுமார் 9.5 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைஞ்சிருக்க முடியும். 30 டிகிரியில் சுமார் 7.5 தான். சூட்டில் விலங்கோட உடம்பு வேகமா இயங்கி, கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். தேவை கூடுது, வரவு குறையுது. மிச்ச உணவு சீக்கிரம் அழுகும், பூஞ்சையும் பாக்டீரியாத் தொற்றும் சட்டுனு பிடிக்கும்.

தீர்வு? சின்ன ஃபேன் ஒண்ணைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓடவிட்டா, ஆவியாதல் மூலமா ரெண்டு மூணு டிகிரி குறையும். ஆனா சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் ஆவியாதலே மந்தம்தான். 31 டிகிரியை 28 ஆக்கி என்ன பண்றது? ஐஸ் பாட்டிலை மிதக்க விடலாம். அது அவசரத்துக்கு ஓகே. ஆபீஸ் போயிட்டு ராத்திரி வர்றவங்க காலையில் ஒரு பாட்டில், ராத்திரி ஒரு பாட்டில்னு போட்டா, வெப்பநிலை ஏறி இறங்கி ஊஞ்சல் ஆடும். அந்த ஊஞ்சலே ஒரு அழுத்தம்.

நேர்மையான பதில் ஒண்ணுதான்: அக்வேரியம் சில்லர். பல நேரம் தொட்டி, ஃபில்டர், விலங்கு மூணும் சேர்ந்த விலையைவிட அதிகம். கூடவே கரன்ட் பில். கரன்ட் போனா என்ன செய்றதுன்னு ஒரு திட்டமும் வேணும். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு 'இது நமக்குச் சரிவராது'ன்னு தோணினா, அதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை. கொடைக்கானலிலோ ஊட்டியிலோ இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் எளிது. சென்னை, மதுரை, திருச்சிக்கு இல்லை.

ஒண்ணு சொல்லியாகணும். கொளத்தூர் மாதிரி இடங்களில் வண்ண மீன் தொழிலில் இருக்கிறவங்க அனுபவம் சாதாரணமானது இல்லை. ஆனா கப்பி, மோலி, ஃபைட்டர்னு நாம் வழக்கமா வளர்க்கும் மீன்களில் பெரும்பாலானவை வெப்பமண்டலத்துக்காரங்க. நம்ம ஊர் சூடு அவற்றுக்கு ஒத்துவரும். 'மீனுக்கு ஒத்துக்கிற தண்ணி இதுக்கும் ஒத்துக்கும்' என்ற கணக்கு ஆக்சலாட்டிலிடம் செல்லாது.

எந்தத் தண்ணீரை ஊத்தறது?

குழாயில் வரும் குடிநீர்: கிருமி நீக்கக் குளோரின் கலந்திருக்கும். அது செவுளையும் எரிக்கும், ஃபில்டரில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். வாளியில் பிடிச்சு ஒரு நாள் திறந்து வச்சா குளோரின் போயிடும். குளோரமைன் கலந்த தண்ணீர்னா அப்படிப் போகாது. அதனால் டீகுளோரினேட்டர் திரவத்தை, பாட்டிலில் சொன்ன அளவில் கலந்துடறதுதான் பாதுகாப்பு. கற்றாழைச் சாறு மாதிரி பொருட்கள் சேர்த்த திரவங்களை ஆக்சலாட்டில் வளர்ப்பவர்கள் தவிர்ப்பாங்க.

போர்வெல் தண்ணீர்: குளோரின் இருக்காது. கொஞ்சம் உப்புத்தன்மை, அதாவது கால்சியம், மக்னீசிய கடினத்தன்மை ஆக்சலாட்டிலுக்கு நல்லதுதான். ஆனா நிலத்தடி நீரிலேயே நைட்ரேட் இருக்கலாம், இரும்பு இருக்கலாம், பி.எச் 8-ஐத் தாண்டியிருக்கலாம். தொட்டியில் ஊத்தும் முன் போர் தண்ணீரையே தனியா ஒருமுறை டெஸ்ட் பண்ணிடுங்க.

ஆர்.ஓ, கேன் வாட்டர்: 'நாம குடிக்கிறதையே கொடுக்கிறோம்' என்ற பாசத்தில் பலரும் செய்யும் தவறு இது. ஆர்.ஓ தண்ணீரில் தாது உப்புகள் கிட்டத்தட்ட இருக்காது. நைட்ரஜன் சுழற்சி நடக்கும்போது அமிலம் உருவாகும். அந்த அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கிறது தண்ணீரில் இருக்கும் கார்பனேட் உப்புகள். அது இல்லைன்னா ஒரு நாள் பி.எச் சடார்னு கீழே விழும், பாக்டீரியாவும் வேலையை நிறுத்தும். ஆர்.ஓ-வைத் தனியா பயன்படுத்தாம, போர் தண்ணீரோட கலந்தோ, தாது உப்பு சேர்த்தோதான் பயன்படுத்தணும்.

வாராவாரம் என்ன வேலை?

ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் அரை மணி நேரம் போதும்.

முதல்ல டெஸ்ட். அப்புறம் 20 முதல் 25 சதவீதம் தண்ணீர் மாத்தணும். 100 லிட்டர் தொட்டின்னா ரெண்டு சின்ன வாளி. நைட்ரேட் 40 இருக்கும்போது கால் பங்கு தண்ணீர் மாத்தினா 30 ஆகும், பாதி மாத்தினா 20 ஆகும். கணக்கு அவ்வளவுதான். ஆனா ஊத்தும் புதுத் தண்ணீரின் வெப்பநிலை தொட்டித் தண்ணீரை ஒட்டி இருக்கணும்.

ஃபில்டர் ஸ்பாஞ்ச் அடைச்சுக்கிட்டா, வெளியே எடுத்த அதே தொட்டித் தண்ணீரில் ரெண்டு தடவை அலசுங்க. பழுப்பு நிறம் மிச்சம் இருக்கட்டும். அது அழுக்கு மட்டுமில்லை, உங்க பாக்டீரியாப் படையும் அதில்தான் இருக்கு.

ஃபில்டரின் நீரோட்டமும் மெதுவா இருக்கணும். ஓடாத தண்ணீரில் பழகின விலங்கு இது. வேகமான ஓட்டம் இருந்தா இருபத்து நாலு மணி நேரமும் எதிர்க்காற்றில் நிக்கிற மாதிரி தவிக்கும். ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் நல்ல தேர்வு.

தினசரி வேலை ஒண்ணு இருக்கு. மிச்ச உணவையும் கழிவையும் கண்ணில் பட்டதும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பிப்பெட்டால் உறிஞ்சி எடுத்துடணும். அம்மோனியா ஆகும் முன்னாடியே வெளியேத்துறதுதான் மலிவான வைத்தியம். தரைக்கு மெல்லிய மணல் போடுங்க, இல்லைன்னா வெறும் கண்ணாடியா விடுங்க. கூழாங்கல் வேண்டாம். உணவோட சேர்த்து விழுங்கிடும். கல் இடுக்கில் அழுக்கும் தேங்கும். ஜாவா மாஸ், அனுபியாஸ் மாதிரி குறைந்த வெளிச்சத்தில் வளரும் செடிகளும், வேர் மட்டும் தண்ணீரில் இருக்கும்படி வச்ச மணி பிளான்ட்டும் நைட்ரேட்டைக் கொஞ்சம் உறிஞ்சும்.

சிரிப்பை நம்பாதீங்க

ஆக்சலாட்டிலின் சிரிப்பு, சிரிப்பு இல்லை. அதன் வாயின் அமைப்பே அப்படி. வலியிலும் அப்படித்தான் இருக்கும், செத்த பிறகும் அப்படித்தான் இருக்கும். என் தங்கச்சி வீட்டில் அதைப் பார்த்தேன்.

அதனால் முகத்தைப் பார்க்காதீங்க, செவுளையும் வாலையும் பாருங்க. செவுள் முன்பக்கமா மடங்குறது, வால் நுனி வளையறது, செவுள் இழைகள் சுருங்குறது, அடிக்கடி மேலே வந்து காற்று விழுங்குறது, சாப்பிட மறுக்கிறது, தோலில் பஞ்சு மாதிரி வெள்ளைப் படிவு. இதில் எது தெரிஞ்சாலும் மருந்துக் கடைக்கு ஓடாதீங்க, டெஸ்ட் கிட்டை எடுங்க. மலாக்கைட் கிரீன், செம்பு கலந்த மீன் மருந்துகள் இந்த மெல்லிய தோலுக்கே விஷமாகலாம்.

அம்மோனியாவோ நைட்ரைட்டோ தெரிஞ்சா, குளோரின் நீக்கின குளிர்ந்த தண்ணீர் நிரப்பின ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பில் அதை மாத்துங்க. மூடியில் காற்றோட்டத்துக்கு ஓட்டைகள் இருக்கணும். தினமும் ஒரு தடவை, அதே வெப்பநிலையில் இருக்கும் புதுத் தண்ணீரா முழுசா மாத்துங்க. அதுக்குள்ள தொட்டியின் சுழற்சியைச் சரிபண்ணுங்க. முடிஞ்சா அயல் விலங்குகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் ஒருத்தரோட நம்பரை, விலங்கு வாங்கும் முன்பே தேடி வச்சுக்கோங்க. நாங்க அன்னிக்கு ராத்திரி பதினொரு மணிக்குத் தேட ஆரம்பிச்சோம்.

'எங்க வீட்டில் நல்லாத்தானே இருக்கு?'

இதை எழுதுறேன்னு சொன்னதும் ஒரு நண்பர் கேட்டார்: "என் ஃப்ரெண்டு 28 டிகிரியில் ஒரு வருஷமா வச்சிருக்கான். நல்லாத்தானே இருக்கு?"

நல்ல வளர்ப்பில் ஆக்சலாட்டில் 10 முதல் 15 வருஷம் வாழும். ஒரு வருஷம் சாகாம இருந்ததை ஆரோக்கியம்னு எடுத்துக்க முடியாது. காலையே திரும்ப வளர்த்துக்கிற உடம்பு அது, தாங்கும் சக்தி அதிகம். அந்தத் தாங்கும் சக்தியைத்தான் நாம் சௌகரியம்னு தப்பா படிக்கிறோம்.

சரியா வளர்க்கிறவங்களும் இருக்காங்க. சில்லர் வச்சு, வாராவாரம் எண்களைக் குறிச்சு வச்சு, வருஷக்கணக்கா பார்த்துக்கிறவங்க. அவங்க மேல் எனக்கு மரியாதை உண்டு. அவங்க யாரும் ஒரு வீடியோ பார்த்துட்டு அடுத்த வாரமே வாங்கினவங்க இல்லை.

சட்டமும் ஒரு பக்கம் இருக்கு. காட்டு உயிர்களின் சர்வதேச வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் ஆக்சலாட்டில் இருக்கு. இந்தியாவில் 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், 2024-இல் வந்த விதிகளும் இப்படிப்பட்ட விலங்குகளை வச்சிருப்பவர்கள் அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்யணும்னு சொல்லுது. ஆவணம் இல்லாம விற்கிற இடத்தில் வாங்கினா, சிக்கல் விற்றவரோட நிக்காது, உங்களுக்கும் வரும்.

விற்பவர்களிடம் என் கோரிக்கை இதுதான்: விலங்கைக் கொடுக்கும் முன், வாங்குறவரோட தொட்டித் தண்ணீரின் டெஸ்ட் ரிசல்ட்டையும் வெப்பநிலையையும் கேளுங்க. போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாப் போதும். அந்த ஒரு கேள்வி பல தொட்டிகளைக் காப்பாத்தும். என்னை மாதிரி கன்டென்ட் பண்றவங்களுக்கும் ஒண்ணு: 'க்யூட்'னு சொல்ற அதே 40 விநாடியில், '18 டிகிரி'ன்னு ஒரு வரி சேர்க்க இடம் இருக்கு.

சோச்சிமில்கோ சொல்லும் பாடம்

இந்தக் கதையில் ஒரு முரண் இருக்கு. உலகம் முழுக்க ஆய்வகங்களிலும் வீடுகளிலும் ஆக்சலாட்டில்கள் ஏராளம். மெக்சிகோ தன் 50 பெசோ நோட்டிலேயே இதை அச்சடிச்சிருக்கு. ஆனா சொந்த ஊர்த் தண்ணீரில் அது கிட்டத்தட்ட காணாமப் போச்சு. சோச்சிமில்கோவில் 1998-இல் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 6,000 ஆக்சலாட்டில்கள் இருப்பதாகக் கணக்கிட்டாங்க. 2014 கணக்கெடுப்பில் அது வெறும் 36.

காரணம்? ஏரிக்கு உயிர் கொடுத்த ஊற்று நீரை வளர்ந்துவந்த நகரத்தின் குடிநீருக்குத் திருப்பிட்டாங்க. கால்வாய்களுக்கு இப்போ வருவது பெரும்பாலும் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர். உணவுக்காக விட்ட கெண்டை, திலாப்பியா மீன்கள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்னுச்சு. அங்கேயும் கெட்டது முதல்ல தண்ணீர்தான்.

இப்போ மெக்சிகோ தேசியப் பல்கலைக்கழக உயிரியலாளர் லூயிஸ் சாம்பிரானோவின் குழு, 'சினாம்பா' எனப்படும் தோட்டங்களின் விவசாயிகளோட சேர்ந்து சின்னச் சின்னக் கால்வாய்களை மீட்டெடுக்குது. கால்வாய் வாயில் தடுப்பு வச்சு மீன்களை நிறுத்துறாங்க, தண்ணீர்ச் செடிகளால் நீரை வடிகட்டுறாங்க. ஆய்வகத்தில் வளர்ந்த 18 ஆக்சலாட்டில்களை, இப்படி மீட்ட கால்வாயிலும் ஒரு செயற்கை ஈரநிலத்திலும் விட்டுக் கண்காணிச்சாங்க. 2025-இல் வெளியான முடிவு: கண்காணிச்ச காலத்தில் அத்தனையும் உயிரோட இருந்துச்சு. மறுபடி பிடிச்சுப் பார்த்தவை எடையும் கூடியிருந்துச்சு.

அவங்க செஞ்ச வரிசையைக் கவனிங்க. முதல்ல தண்ணீரைச் சரிபண்ணினாங்க, அப்புறம்தான் விலங்கை விட்டாங்க. நாம தலைகீழா செய்றோம்.

என் தங்கச்சி வீட்டில் அந்தத் தொட்டி இன்னும் இருக்கு. காலி இல்லை. போன மாசம் பேசினப்போ, "அக்கா, இப்பதான் சைக்கிள் முடிஞ்சுச்சு. அம்மோனியா ஜீரோ, நைட்ரைட் ஜீரோ"ன்னு சொன்னா. அடுத்து என்ன வாங்கப் போறன்னு கேட்டேன்.

"கப்பி. நம்ம வெயிலுக்கு அதுதான் ஒத்துவரும்."